இருபத்துநாலு முறை வெளியே போன மாணவி

1991-இல் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பர்சனல் அதிகாரியாக இருந்தேன். ஆட்களைச் சேர்ப்பது, அனுப்புவது, நடுவில் படிவம் நிரப்ப வைப்பது என் வேலை. அங்கிருந்த படிவங்களில் பாதி நான் தயாரித்தவை. இதை வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வருஷா வருஷம் கல்லூரிகளிலிருந்து கடிதம் வரும்: 'இதைக் கொண்டுவரும் மாணவருக்கு நான்கு வாரப் பயிற்சி அளிக்க வேண்டுகிறோம்.' இன்பிளான்ட் டிரெயினிங் என்று பெயர். மாணவருக்கு வேண்டியது ஒரு சான்றிதழ். கம்பெனிக்கு வேண்டியது, அவர் எந்த மெஷினிலும் கையை விடாமல் முழுசாக வீடு போய்ச் சேருவது. இடையில் யாராவது எதையாவது கற்றுக்கொண்டால் அது அவரவர் சாமர்த்தியம்.

அந்த வருஷம் வந்தவள் வல்லத்துப் பெண், மெக்கானிக்கல் கடைசி வருஷம். "எங்க சார் உக்கார வைக்கிறது?" என்று மெஷின் ஷாப் சூப்பர்வைசர் கவலைப்பட்டார். அவள் உட்காரவே இல்லை. கையில் டேப்பும் கடிகாரமுமாக மெஷினுக்கு மெஷின் அளந்துகொண்டே இருந்தாள். அவளுடைய புராஜெக்ட், தொழிற்சாலைக்குள் தேவையில்லாத நடையைக் குறைப்பது.

தொழிலாளிக்கு ஒரு அட்டை, கான்ட்ராக்டருக்கு ஒரு அட்டை என்று வைத்திருந்தோம். பயிற்சி மாணவருக்கு எதுவும் இல்லை. அதனால் தினமும் விசிட்டர் சீட்டு. காலையில் டவுன் பஸ்ஸில் வந்து முன் கேட்டில் இறங்கி, சீட்டு வாங்கி, விசிட்டர் ஏட்டில் 'உள்ளே' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவாள். சாயங்காலம் கம்பெனி பஸ் பின் கேட் வழியாக வல்லம் போகும், அதில் ஏறிவிடுவாள். இதில் ஒரு சிக்கல் இருப்பது இருபத்துமூன்று நாட்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இருபத்துநாலாவது நாள்தான் கடைசி. மத்தியானம் இரண்டு மணிக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐந்து மணிக்குள் கல்லூரி ஆபீசில் கொடுத்தால்தான் மறுநாள் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உட்கார முடியும். தவறினால் ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"சார், செக்யூரிட்டி கையெழுத்துப் போட மாட்டேன்றாரு. உள்ள இன்னும் இருபத்திநாலு பேர் இருக்காங்களாம்."

சான்றிதழின் அடியில் 'சீட்டுகள் யாவும் முடிக்கப்பட்டன' என்று ஒரு வரி உண்டு. முந்தைய வருஷம் ஒரு மாணவன் சீட்டெழுதி வாங்கிய கம்பெனி ஹெல்மெட்டோடு ஊருக்குப் போய்விட்டதால் நான் சேர்த்த வரி. அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் செக்யூரிட்டி அதிகாரி. வேலூர்க்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். விறைப்பாக ஏட்டைத் திறந்து காட்டினார். 'உள்ளே' கட்டத்தில் இருபத்துநாலு கையெழுத்து. 'வெளியே' கட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இருபத்துநாலும் இந்தப் பொண்ணுதானே?" என்றேன்.

"பேரு ஒண்ணுதான் சார், சீட்டு இருபத்திநாலு கீது. நாளைக்கே தீ புடிச்சா நான் எத்தினி பேர தேடறது?"

"சரி, இருபத்துநாலு இடத்திலும் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடட்டும்."

அவர் முகம் சுருங்கியது. "ஆளு வெளிய போவாம வெளிய போனதா எப்டி சார் கையெழுத்து வாங்கறது? அது பொய்யில்ல?"

அந்த விதியை எழுதியவனே நான்தான். என் விதியை எதிர்த்து யாரிடம் முறையிடுவது? யோசித்தேன். பின் கேட்டில் பஸ்ஸை மட்டும்தான் எழுதுவார்கள். பஸ்ஸுக்குள் இருப்பவர்களை எழுத அந்த ஏட்டில் கட்டமே கிடையாது. ஷிப்ட் விடும்வரை பஸ் சும்மாதான் நின்றது.

டிரைவரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி. "ஏறிக்க பாப்பா, ஊர்கோலம் போலாம்!"

முன் கேட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே போவாள். அங்கே நிற்கும் பஸ்ஸில் ஏறுவாள். பஸ் மதிலைச் சுற்றிப் பின் கேட் வழியாக உள்ளே வரும். இறங்கி முன் கேட்டுக்கு ஓடுவாள். அதற்குள் பஸ் வெளியே சுற்றி முன்னால் வந்து நிற்கும். மறுபடியும் கையெழுத்து.

பன்னிரண்டாவது முறை ஹவில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "சார், ஒரு டவுட்டு. வெளிய போன பொண்ணு திரும்ப எப்டி உள்ள வந்துச்சு?"

"ஏட்டில் பாருங்கள். உள்ளே வந்ததாக எழுதியிருக்கிறதா?"

அவர் விரலை வைத்து நிதானமாகப் பார்த்தார். "எழுதல சார்."

"அப்படியென்றால் வரவில்லை."

"கரெக்ட்டு" என்று பேனாவை எடுத்துக்கொண்டார்.

மூன்று மணி டீ இடைவேளையில் ஷாப் முழுக்க மதிலோரம் வந்து நின்றது. "பதினேழு!" என்றார் ஒருவர். "யோவ், பதினெட்டுய்யா, நான் எண்ணிகினுதான் கீறேன்!" என்றார் இன்னொருவர். "சாமி சுத்துது, ஒரு தேங்கா ஒடைங்கடா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் சிரிக்கவும் முடியாமல், மூச்சும் விட முடியாமல் ஓடிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில், "சார், இத என் ரிப்போர்ட்ல சேக்கலாமா?" என்று கேட்டாள்.

இருபத்துநாலாவது கையெழுத்து விழுந்தபோது மூன்றரைக்கு ஐந்து நிமிஷம். ஹவில்தார் ஏட்டைக் கூட்டிப் பார்த்து, சான்றிதழில் சீல் குத்தி, அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். டிரைவர் அவளைக் கல்லூரிக்கு பஸ் கிடைக்கும் கூட்டு ரோட்டில் இறக்கிவிட்டு, நாலு மணி ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தார். அதற்கு ஒரு விளக்கக் குறிப்பு வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே பயிற்சி மாணவருக்கென்று பச்சை அட்டை ஒன்றைத் தயாரித்தேன், பதினோரு கட்டங்களோடு.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. சான்றிதழை நாலே முக்காலுக்குக் கொடுத்துவிட்டாளாம். வைவாவில் தேவையில்லாத நடைக்கு ஓர் உதாரணம் கேட்டார்களாம். சொல்லியிருக்கிறாள், பாஸும் ஆகிவிட்டாள். கூடவே அந்த மத்தியானத்தின் வரைபடம்: இரண்டு கேட், மதில், சுற்றிச் சுற்றி அம்புக்குறிகள்.

ஹவில்தாரிடம் காட்டினேன். "பாஸாயிட்ச்சா? ரொம்ப சந்தோசம் சார்" என்று மனதாரச் சொன்னார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பின் கேட்டிலிருந்து உள்ளே வரும் அம்பின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா கோடு சார்?"

"அப்படி ஒரு வழி நம் ஏட்டில் இல்லை" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.