தொட்டிக்குச் சுற்றிய உப்பு

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த என் கொழுந்தன் அந்தத் தடவை சென்ட் குப்பியோடு ஒரு கிறுக்கையும் கொண்டுவந்தான். கூட வேலை பார்க்கிற யாரோ செல்போனில் காட்டியதாம். கீழே மீன் தொட்டி. அதற்கு மேலே சல்லிக்கல் நிரப்பிய தட்டு. மீன் அழுக்காக்கிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். சல்லியில் நட்ட செடி அந்த அழுக்கை உரமாக எடுத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் திரும்பத் தொட்டியில் விழும். இரண்டு நீல டிரம்மை அறுத்து, பைப் ஒட்டி, ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டு, புதினாவும் மல்லியும் நட்டுவிட்டு அவன் பிளேன் ஏறிவிட்டான். மிச்சப் பாடு அவன் பெண்டாட்டிக்கு.

அவள் வீடும் என் வீடும் ஒரே விளைத் தோட்டத்தில்தான், நடுவில் ஒரு மதில். அந்த மதில் இடுப்பளவுதான் என்பது எனக்கு வினையாகப் போயிற்று. காலையில் பல் தேய்க்க வந்தால் அந்தத் தொட்டி. துணி காயப்போடப் போனால் அந்தத் தொட்டி.

அதுவரை எங்கள் தெருவில் புதினா என்றால் நான்தான். கிணற்றடியில் நான் வளர்த்ததைக் கேட்டுத்தான் பிரியாணி வைக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். நானும் உடனே பறித்துக் கொடுத்துவிட மாட்டேன். இரு, குடித்துவிட்டுப் போ என்று காப்பி போடுவேன், ஊர்க்கதை பேசுவேன். எனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். அந்தப் பெண்களெல்லாம் இப்போது என் கேட்டைத் தாண்டி அவள் முற்றத்துக்குப் போனார்கள். மீனைப் பார்ப்பதும், இலையைக் கிள்ளி மோப்பதும், மண்ணே இல்லாமல் வளருதே என்று வாயைப் பிளப்பதும். என் வீட்டுக்காரர் வேறு, சோற்றில் கைவைத்துக்கொண்டு, “அவளுக்க புதினாவுக்கு ஒரு தனி வாசம் உண்டு, கேட்டியா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று ராத்திரிக்குப் பழைய குழம்பைத்தான் சூடாக்கி வைத்தேன்.

ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மதிலோரம் நின்று, நல்லா வந்திருக்கு மக்கா, நல்லா வந்திருக்கு என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

மழை விட்டு வெயில் ஏறிய மாதத்தில் அவள் மல்லி கருக ஆரம்பித்தது. பிறகு புதினா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். மீனுக்கு மட்டும் ஒரு கேடும் இல்லை, கொழுகொழுவென்று திரிந்தது. தெருவில், கண் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். யார் கண் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நான் போனால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

செய்யாத குற்றத்துக்கு நான் ஏன் பழி சுமக்க வேண்டும்? ஒரு நாள் மதிலைச் சுற்றி அவள் முற்றத்துக்கே போனேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சி இல்லை. ஓரம் மட்டும் தீய்ந்திருந்தது. கடலோரத்தில் பிறந்தவள் நான். உப்புக் காற்று அடித்த செடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொட்டியில் விரலை முக்கி நாக்கில் வைத்தேன். கரித்தது.

“ஏட்டி, இதுல உப்பு எப்படி வந்துது?”

அவள் முந்தானையைத் திருகினாள். பிறகு மெல்லச் சொன்னாள். வெள்ளியும் செவ்வாயும், கொஞ்ச நாளாகத் தினமுமே, கண்ணேறு கழியக் கை நிறையக் கல்லுப்பை எடுத்துத் தொட்டியைச் சுற்றுவாளாம். சுற்றிய உப்பை அடுப்பில் போட வேண்டும். அவள் வீட்டில் இருப்பதோ கேஸ் அடுப்பு. தண்ணீரில் கரைத்தாலும் கண் கரையும் என்று அவள் அம்மா சொன்னாளாம். பக்கத்தில் இருந்த தண்ணீர் அந்தத் தொட்டிதான். அதுவோ சுற்றிச் சுற்றி அதற்குள்ளேயே ஓடுகிற தண்ணீர். வெயிலில் வற்ற வற்ற மேலே ஊற்றுவாளே தவிர, போட்ட உப்பு எங்கே போகும்?

“யாருக்க கண்ணுக்கு இவ்வளவு உப்பு?” என்று கேட்டேன். அவள் மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காது சுட்டது.

தண்ணீர் முழுவதையும் மாற்றச் சொன்னேன், சல்லியைக் கழுவச் சொன்னேன், இனி ஒரு கல் உப்புகூடப் போடாதே என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் கேட்டாள், “அப்பம் கண்ணுக்கு என்ன செய்ய அக்கா?”

கேட்கிற ஆளைப் பார்! ஆனால் கேட்டுவிட்டாள். நெல் அவிக்க என் வீட்டுப் பின்புறம் விறகடுப்பு உண்டு. கொண்டு வா, நானே சுற்றிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பும் வத்தல் மிளகாயுமாக வந்தாள். இரண்டையும் கையில் வாங்கி, அவள் தொட்டியை மூன்று தடவை சுற்றி, என் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. கண் படவில்லையென்றால் மிளகாய் நெடியில் நிற்க முடியாது, தும்மித் தொலைக்க வேண்டும்; பட்டிருந்தால் நெடியே வராது. நான் புகைக்குள் முகத்தை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

“நெடியே இல்லையே அக்கா,” என்றாள், எனக்குப் பின்னால் நின்று.

“அடுத்த வெள்ளிக்கும் கொண்டு வா,” என்றேன்.