துப்பாக்கிக்காரன் கதைக்கு ஜீப்பில் கிடைத்த மதிப்புரை

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் நட்சத்திரம் கேட்கிறார்கள். செருப்பு வாங்கினாலும் கேட்கிறார்கள், பல் பிடுங்கினாலும் கேட்கிறார்கள். கனடாவில், ஆல்பர்ட்டா சமவெளியின் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஐந்துக்கு ஐந்து போட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை என்று வந்த வாரமே கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து நான் பெரிய வள்ளல். ஆனால் நூலகத்து வாசகர் வட்டத்தில் மாட்டிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் அரை வருடம் கேக் தின்ற என்னைப் பார்த்து, வட்டத்தை நடத்தும் மார்கரெட், அடுத்த புத்தகத்துக்கு முதல் கருத்து உன்னுடையது என்று சொல்லிவிட்டாள்.

புத்தகம் செங்கல் கனம். தூசி பறக்கும் ஒரு மாயதேசம். பேய் குடியிருக்கும் துப்பாக்கியோடு ஒருவன். தன் ஊரைக் கொளுத்திய பண்ணையாரைப் பழிவாங்கக் குதிரையில் கிளம்புகிறான். வழியில் ஆறு வயது மகளை ஒரு சத்திரத்தில் விட்டு, ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்கிறான். அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் ரத்தமும் கெட்ட வார்த்தையும்தான். எனக்கு ஒரு கருத்தும் வரவில்லை. கடைசியில் நட்சத்திரமும் போடணுமாம் என்ற புலம்பலோடு, படித்தவரைக்கும் தினமும் மாலையில் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் கதையாகச் சொல்லி அனுப்பினேன். என் மாலை எங்கள் ஊர் போடிநாயக்கனூருக்கு விடிகாலை. அக்கா ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறும் நேரம். டிரைவர் அதை ஸ்பீக்கரில் போட, போடிமெட்டு மலை ஏறுவதற்குள் ஜீப்புப் பெண்கள் கதையைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். பதில் அக்கா போனில் வரும்.

"மூணு நாளு தண்ணி காட்டாம ஒரு குதிர ஓடுமாக்கும்? எங்க குரங்கணியில லோடு குதிர ஒரு ஏத்தத்துக்கே ரெண்டு தடவ நிக்கும். எழுதுனவரு குதிரையப் படத்துலதான் பாத்திருப்பாரு" என்றது ஒரு குரல். "இத்தன பேரச் சுட்டானே, ஒரு வேள சோறு தின்னானா?" என்றது இன்னொன்று. பண்ணையார் செத்த அன்று ஜீப்பே கை தட்டியது. கைதட்டல் அடங்கியதும் அக்கா கேட்டாள்: "எல்லாஞ் சரி. அந்தப் புள்ளைய யாரு போயி கூட்டியாந்தா?"

கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். யாரும் போகவில்லை. அவன் பாட்டுக்கு மேற்கே போய்விட்டான். இரண்டு நாள் நான் அக்காவுக்குப் பதில் அனுப்பவில்லை. என் மகள் தர்ஷினியை அக்காவிடம் விட்டுவந்தபோது அவளுக்கும் ஆறு வயது. ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்வேன் என்று போடி பஸ் நிலையத்தில் நின்று சொன்னேன். விசாத் தாள்கள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. அவளுக்கு இப்போது ஒன்பது. அந்தத் துப்பாக்கிக்காரனைத் திட்டக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா போனிலிருந்து தர்ஷினி பேசினாள்.

"அம்மா, பெரியம்மா எனக்கும் கதையப் போட்டுக் காமிச்சாக. நல்லாத்தான் இருக்கு. ஒரு ஸ்டாரு போட்டுக்க. மிச்ச நாலையும் அவரு அந்தப் புள்ளையக் கூப்பிட வந்தப்பெறகு தர்றேன்."

அழுகை இல்லை, கோபம் இல்லை. சந்தையில் கறாராக விலை பேசுகிற குரல். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு திரும்பத் திரும்பக் கேட்டு அழுதேன்.

வட்டம் கூடியது. குதிரைக் கருத்தைக் கூசாமல் என்னுடையதாகவே சொன்னேன். மாட்டுப் பண்ணை வைத்திருந்த தொப்பிக்காரப் பெரியவர் பலமாகத் தலையாட்டினார். அந்த அறையில் ஒருவர் என்னை ஆமோதித்தது அதுதான் முதல் தடவை. அவன் சோறே தின்னவில்லை என்றேன். பழிவெறியின் பசிக்கு அது குறியீடு என்று மார்கரெட் குறித்துக்கொண்டாள். நான் வெறும் சோற்றைத்தான் சொன்னேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் குழந்தையைக் கூட்டிவந்தது யார் என்று கேட்டதும் எல்லோரும் பக்கம் புரட்டினார்கள். இரண்டாம் பாகத்தில் வரலாம் என்றார் ஒருவர்.

கடைசியில் படிவம் வந்தது. ஒரே ஒரு நட்சத்திரத்தை மட்டும் மையால் நிரப்பிக் கொடுத்தேன். மார்கரெட்டுக்கு முகம் வாடிவிட்டது. அவ்வளவு மோசமா என்றாள். நல்ல புத்தகம்தான், மிச்சம் நாலு போடியில் இருக்கிறது என்றேன். போடி என்பது இன்னொரு வாசகர் வட்டமா என்று கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். ஆமாம் என்றேன். அதன் தலைவிக்கு ஒன்பது வயது என்பதை மட்டும் சொல்லவில்லை.