தெரியும் என்று அழுத்தியவர்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பொறுப்பு என்றுதான் சொல்வார்கள். எந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "அது என் பொறுப்பு" என்று முந்திக்கொள்வதால் வந்த பெயர். முடித்துக் கொடுத்து வாங்கிய பெயர் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மனைவியை டாக்டரிடம் அழைத்துப் போனால், டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்கிற கேள்விக்கெல்லாம் இவரே பதில் சொல்வார். இத்தனைக்கும் அவள் ஒரு நர்ஸ்.

அந்த நர்ஸுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு அழைப்பு வந்தது. அந்த நாட்டு மொழியில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்கு இரண்டு மாதம் இருந்தது. தேறாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வாயைத் திறந்து எதையும் வேண்டும் என்று கேட்காதவள், இந்த வேலை வேண்டும் என்று சொன்னாள். பாவம், அதைப் பொறுப்பின் காதில் விழும்படி சொல்லிவிட்டாள்.

சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கிற ஏஐ ஏஜென்ட் ஒன்றை அவர் அப்போதுதான் தன் கம்ப்யூட்டரில் குடிவைத்திருந்தார். தேர்வுக்கு வேண்டிய சொற்களை எல்லாம் ஒரு படிப்புச் செயலியில் அட்டைகளாகப் போடச் சொன்னார். முன்பக்கம் அந்த மொழிச் சொல், பின்பக்கம் தமிழில் பொருள். படிக்கிறவர் தெரியாது என்று அழுத்திய அட்டையைச் செயலி சற்று நேரத்தில் மறுபடி காட்டும். தெரியும் என்று அழுத்தியதை மாதக்கணக்கில் ஓரங்கட்டிவிடும். மண்டையில் ஏறாததை ஏற்றுவதற்கு நல்ல வழிதான்.

அட்டைகளைச் சரிபார்க்கும் வேலையையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் அட்டைகளையும் புரட்டினார். சொல்லைப் படித்தாரா என்றால் அதுதான் இல்லை. எழுத்து பெரிதாக இருக்கிறதா, நிறம் கண்ணைக் குத்துகிறதா என்று மட்டும் பார்த்தார். அடுத்த அட்டைக்குப் போக இரண்டில் ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். தெரியாது என்று அழுத்தும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

முடித்த கையோடு, அட்டைக் கட்டை மனைவியின் போனுக்கு எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னார். அட்டைகள் மட்டும் போதுமா, இதுவரை தெரியும், தெரியாது என்று அழுத்திய பதிவுகளையும் சேர்க்க வேண்டுமா என்று ஏஜென்ட் பணிவாகக் கேட்டது. எல்லாவற்றையும் அனுப்பு, ஒன்றையும் விடாதே என்று அதட்டல் போட்டார். அது ஒன்றையும் விடவில்லை.

பணி முடிந்து வந்து அவள் ஆசையாகப் போனைத் திறந்தாள். 'இன்று படிக்க எதுவும் இல்லை, பாராட்டுகள்' என்று வந்தது. மறுநாளும் அதே பாராட்டு. கணவரிடம் கேட்டாள். இயந்திரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, வர வேண்டிய நேரத்தில் தானே வரும் என்றார் அவர். அந்த மொழியின் பழைய பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று அதையும் பிடுங்கிப் பரணில் வைத்தார். இரவுப் பணி பார்த்துக் களைத்து வருகிறவளுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. இப்படியே ஒரு மாதம் போயே போய்விட்டது.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் தாளை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தவள் நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, என் அட்டைகள் ஏன் வரவில்லை என்று ஏஜென்டிடமே கேட்டாள். பதிவுகளின்படி எல்லாச் சொல்லும் உங்களுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது என்று பதில் வந்தது. அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவும் எனக்குத் தெரியும்னு நீங்க சொல்லியிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஏஜென்ட் சரியில்லை, வேறு வாங்கிவிடலாம் என்றார் அவர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிவுகளை அழித்து அட்டைகளை மட்டும் அனுப்பச் சொல்லி, அன்றைக்கே முதல் அட்டையிலிருந்து ஆரம்பித்தாள். பஸ்ஸிலும், சாப்பாட்டு இடைவேளையிலும், அடுப்படியிலும் அதே வேலை. இரண்டு மாதப் படிப்பை ஒரு மாதத்தில் அடைக்கப் பார்த்தாள். நாலு மதிப்பெண்ணில் போய்விட்டது. இடம் அவளுடைய வார்டில் வேலை பார்க்கிற இன்னொரு நர்ஸுக்குக் கிடைத்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுததை அவர் கவனிக்கவே இல்லை.

மறுநாள் மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார். பொறுப்பு கூசாமல் சொன்னார்: "நாங்க ராப்பகலா படிச்சோம் சார். நாலே மார்க். நேரம் சரியில்ல."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள்.

"படிச்சது நான் மட்டும்தாங்க. அடுத்த தேர்வுக்கும் நானே பதிஞ்சுட்டேன்."

அப்படியா, எப்போது தேர்வு என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். பழக்க தோஷம், பொறுப்புதான் முதலில் வாயைத் திறந்தார். தேதி அவருக்குத் தெரியவில்லை. திறந்த வாயோடு மனைவியைப் பார்த்தார். அவள் எதிர்வீட்டுக்காரரிடம் தேதியைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.