இரண்டு ராஜாக்கள் போன பெட்டி

ஒரு பெட்டியில் இரண்டு ராஜா போய்விட்டது. இன்னொன்றில் இரண்டு ராணி. நடந்தது அவ்வளவுதான். தேவராஜ மொஹல்லாவில் மரப்பொம்மைக் கடை வைத்திருக்கிறேன். நவராத்திரிக்கு முன்னால், மாநில எல்லை தாண்டியும் ஆட்கள் வந்து குவிகிற வாரத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு மேலே சொல்லவேண்டாம். நிற்காதவர்கள் படியுங்கள்.

பேரம் பேசாதவர்

கொள்ளேகாலிலிருந்து ஓர் அம்மா வந்தார். விவசாயக் குடும்பம், பொம்மை வைக்கும் வழக்கமே இல்லை. மகள் காதலித்து, மேல்கோட்டையில் ஒரு வைணவ வீட்டுக்கு மருமகளாகப் போய்விட்டாள். தலை நவராத்திரிக்குப் பெண் வீட்டார் ராஜா ராணி ஜோடி கொடுப்பது இந்தப் பக்கத்து முறை. பேரமே பேசவில்லை. எனக்கே சந்தேகம் வந்தது.

"நல்லதாக் குடுங்கண்ணா. கல்யாணத்துக்கே அரை மனசாத்தான் வந்தாங்க. இதுலயும் ஒரு கொறைன்னா என்ற புள்ளதான் பேச்சு வாங்குவா."

மீசை

இருந்ததே இரண்டு ஜோடி. இன்னொன்றுக்கு அக்ரஹாரத்து லலிதம்மா வந்து நின்றார். வருஷா வருஷம் வந்து என் உயிரை எடுப்பவர். எந்த ராஜாவுக்கு மீசை நேராக இருக்கிறது என்று இருவரும் ஆராய்ச்சி. ராஜாக்கள் இரண்டும் கொள்ளேகால் அம்மா கையில். ராணிகள் லலிதம்மா பக்கம். மேல்கோட்டை பஸ் போய்விடும் என்று அந்தம்மா தவித்தார். எனக்கும் பொறுமை போயிற்று. யார் முன்னால் எது இருந்ததோ அதைக் காகிதத்தில் சுருட்டிப் பெட்டியில் போட்டுக் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் லலிதம்மா திரும்பி வந்து பெட்டியைத் திறந்து காட்டினார்.

"ஏன்ரீ, ரெண்டும் பொண்ணு! என் ராஜா எந்த ஊர்ப் பட்டாபிஷேகத்துக்குப் போனார்?"

சாயங்கால போன்

பஸ் பாதி வழி போயிருக்கும். அந்தம்மா நம்பர் என்னிடம் இல்லை. நான் கொடுத்த பையில் கடை நம்பர் அச்சடித்திருந்ததால் அவரே கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் கூடியிருக்க, சம்பந்தியம்மா கையாலேயே பெட்டியைப் பிரித்தாராம். காலையில் ராணியோடு நானே வருகிறேன் என்றேன். காதில் வாங்கும் நிலையில் அவர் இல்லை.

"ஒரு வார்த்தை பேசலீங்கண்ணா. பொம்மையப் பாத்தாங்க, எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. வஞ்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க."

பாதி ஷட்டர்

மறுநாள் புறப்படுமுன், லலிதம்மா விட்டுப்போன ராணியை எடுக்கக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கும்போதே ஒரு மாமி குனிந்து உள்ளே வந்துவிட்டார். பின்னால் ஓர் இளம்பெண். அவளுக்குப் பின்னால், கண் வீங்கிய கொள்ளேகால் அம்மா. மாமிதான் சம்பந்தி என்று புரிந்தது. தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். பையிலிருந்து ஒரு ராஜாவை எடுத்து வைத்தார். இரண்டில் கோணல் மீசைக்காரர் அவர். பிறகு மருமகள் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"சிரிப்பை அடக்க முடியாமதான் நேத்து உள்ளே ஓடினேன், அதுக்குள்ள இவா அழ ஆரம்பிச்சுட்டா. எங்காத்துக்கு ராணி வந்தாச்சு. பொம்மைக்குத்தான் இன்னும் வரலை, எடுங்கோ."

கோணல் மீசை ராஜா லலிதம்மா தலையில் விழுந்தார் என்பதைத் தவிர, நான் கட்டிக் கெடுத்ததையெல்லாம் நேராக்கிவிட்டுப் போனவர் அந்தச் சம்பந்தி, மேல்கோட்டை ஜானகியம்மா.