பால் காய்ச்சாத வீடு

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் ‘அதுக்கு ஆதார் கார்டு இருக்கா?’ என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். சிம்மக்கல்லில் இருபது வருடமாகப் பைப், குழாய் சாமான் கடை வைத்திருக்கிறேன், கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்பியதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

கடையை மட்டும் நம்பியிருந்தால் வயதான காலத்தில் கஷ்டம், ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் அது பாட்டுக்கு மாசாமாசம் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் கீழக்குயில்குடி ரோட்டில் ஒரு புது வீட்டைப் பார்த்தேன். கட்டியவர் ஒரு நாள்கூடக் குடி வராமல் விற்கிறார் என்றார் புரோக்கர். ஏன் என்று நான் கேட்கவில்லை, விலை குறைவு, வாயை மூடிக்கொண்டேன். பேங்க் லோன் போக மீதிக்கு என் மனைவி செல்வியின் நகையெல்லாம் அடகுக்குப் போனது. வாடகையில் ஒவ்வொன்றாக மீட்டுத் தருகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

பத்திரம் முடிந்த அன்றே புரோக்கர் சொன்னார்: “அண்ணே, வேற எதுவும் செய்யாட்டியும் பாலை மட்டும் காய்ச்சிப்புட்டு வாடகைக்கு விடுங்க.”

“நானாய்யா குடியிருக்கப் போறேன்? வாரவன் காய்ச்சிக்கிருவான், போய்யா” என்றேன். இந்த வாய் இருக்கிறதே!

முதலில் வீடு பார்க்க வந்தது டவுனுக்குள் இருந்து ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். எல்லாம் பிடித்துப்போய், கடைசியாகச் சமையலறைக்குள் கால் வைத்த அந்த அம்மா அப்படியே திரும்பிவிட்டார். “என்னண்ணே, வேற ஆளுக்குப் பால் காய்ச்சிக் குடுத்த வீட்டைப் போயி எங்களுக்குக் காட்டுறீங்க? இப்பத்தான் பொங்கியிருக்கு, இம்புட்டு வாசமடிக்குது!”

அந்த வீட்டில் அடுப்பே கிடையாது. மோந்து பார்க்கலாம் என்றால் கொரோனாவில் போன என் மோப்ப சக்தி அதற்குப் பிறகு திரும்பவே இல்லை, ரசமும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். அடுத்து ஒரு டீச்சர் வந்தார், அவரும் அதையே சொன்னார். அதற்கடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எவனோ வேண்டாதவன் கிளப்பிவிட்ட புரளி என்று ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் வீடு சும்மா கிடந்தது. மூன்று மாதக் கெடு தாண்டியதால் நகையை ஏலம் விடப்போவதாகக் கடிதம் வந்துவிட்டது, அது செல்வி கையிலேயே கிடைத்தது. “வண்டிய எடுங்க, நான் அந்த வீட்டப் பாக்கணும்” என்றாள்.

உச்சி வெயில் நேரம். பூட்டைத் திறந்தது நான்தான். முன்னால் போனவள் சமையலறையில் நின்று, “ஏங்க, யாருக்குப் பால் காய்ச்சுனீங்க?” என்றாள். நீயுமா என்று எரிந்து விழுந்தேன். அவள் கிரானைட் மேடையில் கை வைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நானும் வைத்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு பாத்திரத்தின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாகச் சுட்டது, சுற்றிலும் ஜில்லென்று கிடந்தது. வெயில் விழுகிற ஜன்னலும் அந்தப் பக்கம் கிடையாது. நாமளே பாலைக் காய்ச்சிவிடுவோம் என்று அங்கேயே சொன்னேன், சொல்ல வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒரு சின்ன அடுப்பு, புதுப் பாத்திரம், பால் பாக்கெட்டோடு போனோம். செல்வி உள்ளே காய்ச்சினாள். நான் வெளியே கேட்டில் டு-லெட் போர்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் மேடையில் மூன்று டம்ளர்.

“மூணு எதுக்கு? நாம ரெண்டு பேருதான?”

“நீங்கதானங்க பின்னால வந்து நின்னு, மூணா ஊத்துன்னு சொன்னீங்க?”

நான் கேட்டை விட்டு நகரவே இல்லை. நாக்கு வெந்துபோகிற சூட்டிலேயே எங்கள் பாலைக் குடித்துவிட்டு, மூன்றாவது டம்ளரை அப்படியே வைத்துப் பூட்டினோம். இரண்டு சாவியும் என் சட்டைப் பையில்தான் இருந்தன.

மூன்றாம் நாள் டி. கல்லுப்பட்டிக்காரர் ஒருவர், வேன் டிரைவர், மனைவியோடு வீடு பார்க்க வந்தார். நான் முந்திக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அந்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, அடியில் வட்டமாகத் தண்ணீர் இன்னும் காயவில்லை. குழாய்க்காரன் சொல்கிறேன், அந்த வீட்டு மோட்டாருக்கு அதுவரை நான் கரண்ட்டே கொடுக்கவில்லை, எந்தக் குழாயைத் திறந்தாலும் காற்றுதான் வரும்.

“எதுவும் வாசம் வருதாம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“பெயிண்ட் வாசந்தாண்ணே” என்றாள். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார்கள், ஏலம் நின்றது. இன்றைக்கு நகையில் பாதி செல்வி கழுத்தில் இருக்கிறது. இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன்.

போன மாதம் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். அந்தப் பெண் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் கால் வைத்ததும் எனக்கு வாசம் அடித்தது. ஆமாம், எனக்கு. பொங்கி வழியப் போகிற பாலின் வாசம்.

“அடுப்ப அணைம்மா, பால் பொங்குது!” என்று கத்தியேவிட்டேன்.

அவள் ஈரக் கையோடு ஓடிவந்து அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எங்க வீட்டுல பாலே வாங்குறதில்லண்ணே. எல்லாருக்கும் கடுங்காப்பிதான்.”

குழாயைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன். பைக்கில் பெட்ரோல் மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை.