அண்ணனுக்கு மாற்றிய மூன்று எஸ்.எம்.பி.எஸ்.

மீட்டர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் வோல்டேஜ் பார்க்கும் சின்ன மீட்டர் துருத்திக்கொண்டிருக்கும். கல்யாணப் போட்டோவில்கூட அது இருக்கிறது என்று கேலி செய்வார்கள். சுத்தப் பொய். அன்றைக்கு அதைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர். ஓடும்போதே பொசுக்கென்று அணைகிறது என்று யார் பெட்டியைத் தூக்கிவந்தாலும், திறப்பதற்கு முன்பே, "எஸ்.எம்.பி.எஸ்.தான், வேற என்ன" என்பார். சுவரிலிருந்து வரும் கரண்டைப் பெட்டிக்குள் பிரித்துக் கொடுக்கும் தகர டப்பா அது. பத்தில் எட்டு தடவை அவர் சொன்னதுதான் இருக்கும். மிச்சம் இரண்டு தடவை உயிரை வாங்கும். அவருடைய சொந்த அண்ணனின் கம்ப்யூட்டர் அந்த இரண்டில் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் லாரி ஓட்டியவர். வாயைத் திறந்தால் பக்கத்து வீடு வரைக்கும் சிரிப்பு கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நரம்பு நோய் வந்து கை, கால், குரல் என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டது. மிஞ்சியது வலது கட்டைவிரல். கண் சிமிட்டுவதுகூடத் தாறுமாறாகிவிட்டது. ஆமாவா இல்லையா என்று நம்ப முடியாது. மீட்டர்தான் ஒரு வழி பண்ணினார். கட்டைவிரலுக்கடியில் ஒரு பட்டன். திரையில் எழுத்து வரிசைகளின்மேலும், பிறகு வரிசைக்குள் எழுத்துகளின்மேலும் வெளிச்சம் ஒவ்வொன்றாக நகரும். சரியான எழுத்துக்கு வரும்போது அழுத்தினால் அது வரியில் ஏறும். ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம். நடுவில் அணைந்தால் எழுதியதெல்லாம் போச்சு.

போன வாரம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். மூச்சு குறைந்துகொண்டே வருகிறதாம். தொண்டையில் துளை போட்டு மெஷின் வைத்தால் இதே படுக்கையில் சில வருஷம். வைக்காவிட்டால் சில வாரம்.

"அவரேதான் சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் அணைய ஆரம்பித்தது. மீட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினார். அணைந்தது. விலை உயர்ந்ததாக இன்னொன்று போட்டார். அதுவும் அணைந்தது. கடைக்குத் தூக்கிப்போய், உள்ளே இருப்பதெல்லாம் கொதிக்கும்படி இரண்டு நாள் வேலை வாங்கினார். கழுதை, ஒரு தடவைகூட அணையவில்லை! வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக், ஒயர், எர்த் எல்லாவற்றிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். பழுதே இல்லை. மூன்றாவது டப்பாவும் போட்டு, யு.பி.எஸ்.ஸும் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை, அணைந்துவிட்டது என்று தினமும் அண்ணியிடமிருந்து வரும் போன் வரவில்லை. அவராகவே போனார். திரையில் 'நோ சிக்னல்' என்று மட்டும் எரிந்தது; பெட்டி செத்துக் கிடந்தது. யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு. அண்ணன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், அண்ணனால் திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில், பெட்டி இருந்தது. மீட்டர் மண்டியிட்டு டார்ச் அடித்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கம் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்த பக்கம் சாய்ந்திருந்தது. எந்த டப்பாவும் தன் சுவிட்சைத் தானே தட்டிக்கொள்ளாது.

சமையலறைக்குப் போனார். அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தம்பி" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே. "தலகாணி சரி பண்ற மாதிரி போய் சுவிட்சை அமுக்குவேன். அப்புறம் திரும்பப் போட்டுடுவேன். இன்னிக்கு நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க."

"மூணு டப்பா மாத்தினேனே அண்ணி! பைத்தியக்காரன் மாதிரி அலைஞ்சேனே!" என்று கத்தினார். கத்தியதும் வெட்கமாக இருந்தது.

"'எனக்கு மெஷின் வேண்'னு எழுதிடுவார். அதுக்கு மேல என்னால பாக்க முடியல."

"வேண்டும்னு இருக்கலாமே!"

"இருக்கலாம். வேண்டாம்னும் இருக்கலாம். அடுத்த எழுத்து வராத வரைக்கும் எனக்கு அவர் இருக்காரில்ல?" அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. நாலு தடவை எழுதிட்டார். ஒரு தடவைகூட என்னைக் குத்தம் சொல்லி எழுதல."

மீட்டர் குழாயடிக்குப் போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டார். தலைமாட்டிலேயே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அண்ணே, எழுதுங்க. இனிமே அணையாது" என்றார்.

வெளிச்சம் நகர்ந்தது. எனக்கு. மெஷின். வே. ண். அண்ணி வாசல்படியில் வந்து நின்றாள். அடுத்தது ட வரிசை திறந்தது. வெளிச்சம் 'ட'வில் நின்றது. அடுத்து 'டா'. 'டு' இன்னும் மூன்று எழுத்து தள்ளி இருந்தது. தாண்டுங்க அண்ணே, தாண்டிடுங்க என்று மீட்டர் மனசுக்குள் கெஞ்சினார்.

கட்டைவிரல் அழுத்தியது.

மீட்டருடைய வலது கை பெட்டிக்குப் பின்னால் போய்ச் சுவிட்சின்மேல் இருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணி வந்து குனிந்து, அந்தக் கையைப் பிடித்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க தம்பி. முடிக்கட்டும்."

'ம்' இன்னும் பாக்கி. வெளிச்சம் முதல் வரிசையிலிருந்து மறுபடி நகர ஆரம்பித்தது. அண்ணன் விரலைத் தயாராக வைத்திருந்தார்.