பதினான்காம் குப்பி

அந்த ஆய்வகத்தில் அவளைக் கைராசி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எத்தனை வருடம் காய்ந்துகிடந்த இலையானாலும் சரி, அவள் அரைத்தால் அதிலிருந்து டி.என்.ஏ. வந்துவிடும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. அவரைச்செடிக் குடும்பத்தில் எந்தச் செடிக்கு எது நெருங்கிய சொந்தம் என்று அந்த டி.என்.ஏ.வை ஒப்பிட்டுச் சொல்வது பேராசிரியரின் வேலை.

போன வாரம் அவர் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். "அக்கா, உங்க பதினாலாம் நம்பர் செடி, வம்ச மரத்துல நாம சேத்து வச்ச கிளையிலயே இல்ல! எங்கயோ தூரத்துச் சொந்தம்!" வெள்ளிக்கிழமை கட்டுரையை இதழுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கைதட்டவில்லை. அந்த இலைகளை அரைத்த அன்றைக்கு ஆல்கஹால் சிந்தி, டி.என்.ஏ. இருந்த இரண்டு குப்பிகளின் மூடியில் இருந்த எண் அழிந்துபோயிருந்தது. ஞாபகத்தை நம்பி, பதினான்கு, பதினைந்து என்று அவளே மறுபடி எழுதிவிட்டாள். பதினைந்தாம் குப்பியின் சோதனையில் ஒன்றும் தேறவில்லை. பதினான்கில்தான் இந்த அதிசயம். பாவி, அன்றைக்கே வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

பதினான்காம் செடியின் காய்ந்த இலை கொஞ்சம் மிச்சமிருந்தது. யாருக்கும் சொல்லாமல் அதைக் கிள்ளி அரைத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வர மூன்று நாள். மூன்று நாளும் இருப்புக்கொள்ளவில்லை. சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"ஒரு செடிக்கு யாரு பெரியப்பா, யாரு சித்தப்பான்னு தெரியலன்னா குடியா முழுகிடும்?" என்றார் கணவர்.

"என் குடி முழுகும்ங்க."

வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. பதினான்காம் செடி பழைய கிளையிலேயே, தன் அக்கா தங்கைகளோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்கு ஓடினாள்.

"சார், அனுப்பிடாதீங்க. குப்பி மாறிப்போச்சு. மாத்தி எழுதினது நான்தான்."

அவர் இரண்டு முறை படித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சரி, இது ஒண்ணு. மிச்சம் நூத்திப்பன்னெண்டு குப்பியும் உங்க கையால வந்ததுதானே? அதுல நான் எதை நம்பறது?"

"தெரியல சார்." காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்றேன்."

மேசைக்குத் திரும்பி ஒன்றாம் இலையை எடுத்தாள். பக்கத்து மேசைப் பெண் வழக்கம்போல ஒரு குப்பியோடு வந்து நின்றாள். "கைராசி அக்கா, இதுல எனக்கு டி.என்.ஏ. வரவே மாட்டேங்குது..."

"ராசியாவது ஒண்ணாவது. இப்படி வந்து நில்லு. இலைக் கவர்ல இருக்கற நம்பரை நீ சத்தமாப் படி, நான் குப்பில எழுதறேன்."